கை எக்ஸ்ரே பார்த்து 18 வயது ஆகிவிட்டதா என்று சொல்ல முடியுமா?

கேள்வி முல்லைத்தீவிலிருந்து வந்தது: இடம்பெயர்வில் தம்பியின் பிறப்புச் சான்றிதழ் தொலைந்துவிட்டது, எக்ஸ்ரே எடுத்தால் சரியான வயது தெரியுமா?

தெரியாது. எக்ஸ்ரே காட்டுவது எலும்பின் முதிர்ச்சியை மட்டுமே. வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனிகளில் குருத்தெலும்புத் தட்டுகள் இருக்கும். படத்தில் அவை இடைவெளியாகத் தெரியும், வளர்ச்சி முடியும்போது மூடிவிடும். இடது கை, மணிக்கட்டுப் படத்தை எடுத்து, குரூலிக், பைல் என்ற இரு ஆய்வாளர்கள் வயதுவாரியாகத் தொகுத்த மாதிரிப் படங்களோடு ஒப்பிடுவார்கள். அந்தப் படங்கள் 1930களில் தொடங்கி அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் வசதியான வெள்ளையினப் பிள்ளைகளிடம் எடுக்கப்பட்டவை. போர்க்காலத்தில் வன்னியில் அரைவயிற்றோடு வளர்ந்த பிள்ளையை அதோடு ஒப்பிட்டால் எப்படிச் சரிவரும்? போசாக்குக் குறைந்தால் எலும்பு முதிர்ச்சி பிந்தும், வயது குறைவாகத் தெரியும். ஆரோக்கியமான பதின்ம வயதினரிடமே இரண்டு வருடம் முன்பின் ஆகலாம். 17 வயதிலேயே கை எலும்புகள் மூடிவிட்ட பையன்களும் உண்டு.

ஞானப்பல்லின் எக்ஸ்ரே, காறை எலும்பின் (கழுத்தடியில் தோளுக்கும் நெஞ்சுக்கும் நடுவிலுள்ள எலும்பு) சிடி ஸ்கேன் என்பவையும் இருக்கின்றன. அவையும் சரியான வயதைச் சொல்லாது, இந்த வயதிலிருந்து இந்த வயதுக்குள் என்றுதான் சொல்லும். சிடியில் கதிர்வீச்சும் கூட. சிகிச்சைக்கு அல்லாமல் ஒரு பிள்ளையை அதற்கு உட்படுத்துவதை நான் விரும்பவில்லை.

பிறப்பு ஏற்கனவே பதியப்பட்டிருந்தால், பிரதேச செயலகத்தில் பிரதி கேளுங்கள். பதிவே இல்லையென்றால் பாடசாலை அனுமதிப் பதிவேடு, கிளினிக் அட்டை, ஞானஸ்நானப் பதிவு எது கிடைத்தாலும் எடுத்துக்கொண்டு அங்கேயே போய் விசாரியுங்கள்.