கல்யாணப் பத்திரிகை புரூஃபுக்கு ஓகே சொல்லும் முன்: கேள்வி பதில்

டிடிபி வேலை, அதாவது அச்சுக்குப் போவதைக் கணினியில் வடிவமைக்கும் வேலை பார்க்கிறேன். பத்திரிகை, தாம்பூலப் பை எல்லாம் என் மேஜை தாண்டித்தான் மெஷினுக்குப் போகும். புரூஃப் என்றால் அச்சடிக்கும் முன் சரிபார்க்க அனுப்பும் மாதிரி. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இதோ பதில்.

கேள்வி: அண்ணே, வாட்ஸ்அப்பில் அனுப்பின புரூஃப் நல்லாத்தான் இருக்கு. ஓகே சொல்லிடலாமா?

நல்லாத்தான் இருக்கும், ஏனென்றால் நீங்கள் பிள்ளையாரையும் பார்டரையும்தான் பார்த்திருப்பீர்கள். பிடிஎஃப்பாக வாங்கி ஒரு பிரிண்ட் எடுத்து, ஒருவர் சத்தமாக வாசிக்க இன்னொருவர் கையால் எழுதின மூலத்தோடு ஒப்பிடுங்கள். கிழமையும் தேதியும் பொருந்துகிறதா, தமிழ்த் தேதி சரியா, முகூர்த்த நேரம் ஜோசியர் எழுதிக் கொடுத்ததுதானா, இனிஷியல், பட்டம், மண்டபத்தின் பெயர். முக்கியமாக வருடப் பெயர். பழைய ஃபைலைத் திறந்து பெயரை மட்டும் மாற்றுவதுதான் எங்கள் தொழிலில் வழக்கம், அதனால் போன வருடப் பெயர் அப்படியே உட்கார்ந்திருக்கும். 2026 சித்திரை பிறந்த பிறகு கல்யாணம் என்றால் விசுவாவசு கிடையாது, பராபவ. க்யூஆர் கோடு இருந்தால் காகிதத்தில் எடுத்த பிரிண்டையே போனில் ஸ்கேன் செய்து, மேப் உங்கள் மண்டபத்துக்குத்தான் போகிறதா என்று பாருங்கள்.

அப்புறம், சம்பந்தி வீட்டுக்கு அனுப்பாமல் ஓகே சொல்லவே சொல்லாதீர்கள். எழுத்துப்பிழையை மன்னிப்பார்கள், தாய்மாமன் பெயர் விட்டுப்போனதை மன்னிக்க மாட்டார்கள்.

கேள்வி: சார், 'கோ' என்று டைப் செய்து அனுப்பினேன், புரூஃபில் கொம்பு தனியாக, துணைக்கால் தனியாகக் கிடக்கிறது. ஏன்?

நீங்கள் அனுப்பியது யூனிகோடு, போனில் டைப் செய்தால் வரும் பொது எழுத்து முறை. பழைய கோரல்டிரா, பழைய போட்டோஷாப் மாதிரி டிசைன் சாஃப்ட்வேர் சிலவற்றுக்குத் தமிழ் யூனிகோடைச் சேர்த்துக் காட்டத் தெரியாது. அதனால் பல பிரஸ்களில் இன்னும் பாமினி மாதிரியான பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் வேலை நடக்கிறது, அந்த மாற்றத்தில் ஸ்ரீ, க்ஷ, ஔ போன்றவை சில சமயம் வேறு ஏதோ ஆகிவிடும். அவற்றைத் தேடிப் பாருங்கள். எழுத்துகளை கர்வ் ஆக்கின (எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவங்களாக மாற்றின) பிறகு ஒரு கடைசி பிடிஎஃப் கேளுங்கள், அச்சுக்குப் போவது அந்த ஃபைல்தான்.

கேள்வி: போனில் மயில் நீலம் பளிச்சென்று இருந்தது, அச்சில் மங்கலாக வந்தது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. திரை வெளிச்சத்தால் காட்டுகிறது, மெஷின் நான்கு மையால் அடிக்கிறது. பளிச் நீலம், கிளிப்பச்சை இரண்டுக்கும் அந்த நான்கு மையில் வழி இல்லை. மேட் லேமினேஷன் போட்டால் இன்னும் கொஞ்சம் அடங்கும். தங்க ஃபாயில் புரூஃபில் வெறும் மஞ்சளாகவோ பழுப்பாகவோதான் தெரியும், அதற்குப் பழைய சாம்பிள் அட்டையைக் கையில் வாங்கிப் பார்ப்பதே சரி.

கேள்வி: தாம்பூலப் பைக்கும் இதே கவனம் போதுமா?

போதாது. துணியில் ஸ்கிரீன் பிரிண்டிங், மை கொஞ்சம் பரவும். பொடி எழுத்தில் புள்ளி காணாமல் போனால் 'க்' என்பது 'க' ஆகிவிடும். எழுத்து எத்தனை சென்டிமீட்டர் உயரம் என்று கேட்டு, அதே அளவில் காகிதத்தில் எடுத்துப் பையின் மேல் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: ஓகே சொன்ன பிறகு தப்பு தெரிந்தால் யார் காசு?

பிளேட் (ஒவ்வொரு மைக்கும் ஒன்றாக மெஷினில் மாட்டும் அச்சுத் தகடு) போடும் முன் என்றால் ஒரு போன் போதும், உடனே கூப்பிடுங்கள், வெட்கப்படாதீர்கள். பிளேட் போட்டாச்சு, ஆனால் எழுத்து வெறும் கறுப்பில் இருக்கிறது என்றால் நான்கையும் மாற்ற வேண்டாம், கறுப்பு பிளேட் ஒன்று போதும், அதற்கு மட்டும் காசு பேசுங்கள். அச்சாகிவிட்டால், நீங்கள் ஓகே செய்த புரூஃபில் அந்தத் தப்பு இருந்ததா இல்லையா என்பதுதான் பேச்சு. இருந்தால் உங்கள் கணக்கு, இல்லையென்றால் பிரஸ் அடித்துத் தர வேண்டும். அதனால் போனில் வாயால் ஓகே சொல்லாமல், அந்த பிடிஎஃப்புக்கே பதிலாக எழுதி அனுப்புங்கள், கல்யாணம் முடியும்வரை அழிக்காதீர்கள்.

கேள்வி: அண்ணா, எத்தனை தடவை திருத்தம் கேட்கலாம்?

அது பிரஸ்ஸைப் பொறுத்தது. சித்தப்பா ஒரு மெசேஜ், அத்தை ஒரு மெசேஜ் என்று துண்டுதுண்டாக அனுப்பாமல், எல்லாத் திருத்தத்தையும் ஒரே பிரிண்டில் சிவப்பு மையால் குறித்து ஒரே ஆள் அனுப்புங்கள். திரும்பி வந்ததும் திருத்தின வரியை மட்டும் பார்த்தால் போதாது, ஒரு பெயர் நீண்டால் கீழ் வரி நகர்ந்து கடைசிப் பெயர் பார்டருக்குள் போய்விடும், முழுசாக இன்னொரு தடவை வாசியுங்கள்.