சர்க்யூட் சந்தேகம்: கரண்ட் போதாத ரிலே

கேள்வி: வாசல் விளக்குக்கு எல்டிஆர் (வெளிச்சத்துக்கேற்பத் தடை மாறும் ரெசிஸ்டர்) வைத்து ஆட்டோமேட்டிக் சுவிட்ச் செய்தேன். டிரான்ஸ்ஃபார்மர் இல்லை. 474 கெப்பாசிட்டர், நான்கு 4007 டயோடு, 12 வோல்ட் ஜீனர் (வோல்டேஜைக் கட்டிப்போடும் டயோடு), 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், ஒரு பிசி547 டிரான்சிஸ்டர், 12 வோல்ட் ரிலே (கரண்ட் பாய்ந்தால் இழுத்து விளக்கைப் போடும் மின்காந்த சுவிட்ச்). பகலில் எல்டிஆரைக் கையால் மூடினால் ரிலே இழுக்கிறது. சாயங்காலம் தானாக இருட்டும்போது இழுப்பதில்லை. மீட்டர் 8 வோல்ட்தான் காட்டுகிறது. அந்த நேரத்தில் வீட்டில் 180 வோல்ட்தான் வரும். வரிசையில் உள்ள 100 ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டால் கரண்ட் கூடுமா? – வாசகர், தேனி

பதில்: கரண்ட் அதிகமாகாது. ரெசிஸ்டரில் கை வைக்காதீர்கள். 474 என்பது 0.47 மைக்ரோஃபாரட். 50 ஹெர்ட்ஸில் அது ஏறக்குறைய 6,800 ஓம் தடை கொடுக்கும். அதற்கு முன்னால் உங்கள் 100 ஓம் எந்த மூலை? பிளக்கைச் செருகும் கணத்தில் பாயும் கரண்டை அடக்கத்தான் அது இருக்கிறது. எடுத்தால் டயோடோ ஜீனரோ போகும்.

இப்போது கணக்குக்கு வருவோம். 230 வோல்ட்டில் 474 கொடுப்பது டிசியில் சுமார் 30 மில்லிஆம்ப். 180 வோல்ட்டில் அது 23 ஆகிவிடும். ரிலே காயிலை (உள்ளே உள்ள கம்பிச் சுருளை) மீட்டரில் அளந்து பாருங்கள், 400 ஓம் பக்கம் காட்டும். அதாவது 12 வோல்ட்டில் அதற்கே 30 மில்லிஆம்ப் வேண்டும். எல்டிஆர் பகுதி தின்பது தனி. பிறகு பகலில் எப்படி இழுத்தது? கையால் சட்டென்று மூடும்போது 470 மைக்ரோஃபாரடில் சேர்ந்திருந்த சார்ஜ் ஒரே உந்தாக உந்திவிடுகிறது. இழுத்த ரிலேயைப் பிடித்து நிறுத்தக் கொஞ்சம் கரண்டே போதும். சாயங்காலமோ மெதுவாக இருட்டுகிறது, டிரான்சிஸ்டரும் மெதுவாகத் திறக்கிறது. அந்தச் சார்ஜ் இழுக்காமலே வடிந்துபோகிறது.

474 கெப்பாசிட்டரை 105 (1 மைக்ரோஃபாரட்) ஆக்கினால் கரண்ட் இரண்டு மடங்குக்கு மேல் கிடைக்கும். பலரும் அதைத்தான் செய்வார்கள். நான் செய்யமாட்டேன். 24 வோல்ட் ரிலே வாங்குங்கள். அதே அளவு, அதே கால்கள், காயில் மட்டும் 1,600 ஓம். 15 மில்லிஆம்பில் முழுதாக இழுக்கும். கெப்பாசிட்டர் சப்ளை தருவது கரண்டைத்தான். வோல்டேஜை முடிவு செய்வது ஜீனர். எனவே ஜீனரை 24 வோல்ட், 1 வாட்டாக மாற்றுங்கள் (4749 என்று கேளுங்கள்). ரிலே ஓய்ந்திருக்கும் பகலில் முக்கால் வாட் அதன் தலையில்தான் விழும், அதனால் போர்டை ஒட்டாமல் கால்களைக் கொஞ்சம் உயர்த்திப் பற்ற வையுங்கள். 470 மைக்ரோஃபாரட் 50 வோல்ட்டாக இருக்கட்டும். பிசி547 தாங்கும். எல்டிஆர் பிரிசெட்டை (எந்த இருட்டில் இழுக்க வேண்டும் என்று திருகி வைக்கும் ரெசிஸ்டரை) திரும்ப வைக்க வேண்டியிருக்கும். அப்புறம், 474 எக்ஸ்2 வகைதானா (மெயின்ஸில் நேரடியாக வைக்கத் தகுந்த பாதுகாப்பு வகை), அதன் குறுக்கே 1 மெகாஓம் ரெசிஸ்டர் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ரெசிஸ்டர் இல்லையென்றால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கையில் அடிக்கும். எல்டிஆரின் கால்களிலும் மெயின்ஸ்தான் இருக்கிறது, வெளியே தெரியக் கூடாது.

கேள்வி: இதே சப்ளையில் மேல்தொட்டித் தண்ணீர் அளவு காட்டும் சர்க்யூட்டை ஓட்டலாமா? – வாசகர், பொள்ளாச்சி

பதில்: வேண்டவே வேண்டாம். தொட்டியில் இறங்கும் கம்பி வழியாக 230 வோல்ட் குழாய் வரை வரலாம். 12 வோல்ட், 500 மில்லிஆம்ப் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்கிவிடுங்கள்.