கிரீக் பர்கருக்குள்ள கறித்தூள் போடாதையும் தம்பி

தம்பி, நீர் கேட்டதில நாலு கேள்வி கிடக்கு. ரொறன்ரோவில கிரேக்கக் கடையள் இருக்கிற டான்ஃபோர்த் தெருவில சாப்பிட்ட கிரீக் பர்கர பேஸ்மன்ட் குசினியில எப்பிடிச் செய்யிறது, ஏர் ஃப்ரையர் வாங்கலாமோ, ஃபெட்டா எண்ட கிரேக்கச் சீஸ் எது நல்லது, அந்தப் பக்கம் ரெஸ்டோரன்டில பார்ட் டைம் வேலை எடுக்கலாமோ எண்டு. ஏர் ஃப்ரையர் பற்றி என்னட்டக் கேக்காதையும், என்ர மகள்தான் வச்சிருக்கிறா, எல்லாத்தையும் அதுக்குள்ள போட்டு வறட்டி எடுக்கிறா. மற்றதுகளுக்குச் சொல்லுறன், நீளும், பொறுத்துக்கொள்ளும்.

முதல்ல இறைச்சி. புதுசா வாற எங்கட ஆக்கள் கடைக்குப் போனா எக்ஸ்ட்ரா லீன் எண்டு எழுதியிருக்கிறதத்தான் தூக்குவினம், விலை கூட எண்டா நல்லதாத்தான் இருக்கும் எண்டு நினைப்பு. இஞ்ச கனடாவில எக்ஸ்ட்ரா லீனில கொழுப்பு 10 வீதத்துக்கு மேல இருக்கக் கூடாது, லீன் 17, மீடியம் 23, றெகுலர் 30. பர்கருக்கு மீடியம்தான் வேணும். எக்ஸ்ட்ரா லீனில சுட்டா செருப்புத் தோல்தான் வரும், பிறகு கிரீக் ரெசிப்பி சரியில்லை எண்டு சொல்லிக்கொண்டு திரியிறது. அரைவாசி மாடும் அரைவாசி ஆடும் கலந்தா இன்னும் திறம். மாடு சாப்பிடாத ஆள் எண்டா தனிய ஆட்டில செய்யும், ஒரு குறையும் வராது. (வீட்டில மாடு காய்ச்சவே விடாத ஆக்கள் பிள்ளையளோட டிரைவ் த்ரூ லைனில நிண்டு பர்கர் வாங்கிறதையும் கண்டிருக்கிறன், அது அவையின்ர பாடு.)

இப்ப நான் உண்மையா சொல்ல வந்தது. கறித்தூள் போடாதையும். எங்கட சனத்துக்கு எதக் கண்டாலும் தூள் கொட்டாட்டி கை நடுங்கும், இஞ்சி உள்ளி பேஸ்ட், சோம்பு, பச்சை மிளகாய் எல்லாம் போட்டுக் குழைச்சு ரோல்ஸுக்கு வைக்கிற இறைச்சி மாதிரி ஆக்கிப்போட்டு அத பணிஸுக்குள்ள வச்சு கிரீக் பர்கர் எண்டு படம் போடுவினம். அதுவும் ருசிதான், நான் இல்லை எண்டு சொல்லேல்ல, ஆனா அது வேற சாமான். கிரேக்க ஆக்கள் அரைச்ச இறைச்சியத் தட்டிச் சுட்டு பிஃப்டேக்கி எண்டு செய்யிறதத்தான் இஞ்ச பணிஸுக்குள்ள வைக்கிறது. அதில போறது கொஞ்சம்தான். 500 கிராம் இறைச்சிக்கு அரைவாசிப் பெரிய வெங்காயம் துருவி தண்ணியப் பிழிஞ்சு போடும், ஒரு துண்டுப் பாண் தண்ணியில நனைச்சுப் பிழிஞ்சு போடும், உள்ளி ஒரு பல்லு, காஞ்ச ஒரிகானோ ரண்டு தேக்கரண்டி, புதினா கொஞ்சம், ஒலிவ் ஒயில் ஒரு மேசைக்கரண்டி, உப்பு, மிளகு. பாண் ஏன் எண்டு கேப்பீர், இறைச்சியிலயிருந்து வாற சாற அதுதான் பிடிச்சு வைக்கும். அரை மணித்தியாலம் ஃப்ரிட்ஜில வச்சிட்டு நாலாப் பிரிச்சு, பணிஸ விட கொஞ்சம் அகலமாத் தட்டி, நடுவில விரலால ஒரு குழி வையும், இல்லாட்டி சுடேக்க உருண்டு போகும்.

அடுத்தது சூடு. இதில விளையாடாதையும். ஒரு ஸ்டேக் எண்டா கிருமி வெளிப்பக்கம்தான் இருக்கும், சுட்டா செத்துப்போகும், ஆனா அரைச்ச இறைச்சியில வெளியில இருந்தது முழுக்க உள்ள போயிடும், அதால உள்ளுக்கு 71 டிகிரி செல்சியஸ் வரவேணும். நிறத்தப் பார்த்து நம்பாதையும், சின்ன தேமோமீட்டர் ஒண்டு வாங்கும், கோழி எண்டா 74. ஈகோலை எண்ட கிருமியால வருத்தம் வந்து படுத்தீர் எண்டா பேஸ்மன்டில கஞ்சி வச்சுத் தர ஆர் இருக்கினம்? இன்னொண்டு, இரும்புத் தாச்சியில புகை வரும், மேல வீட்டுக்காரர் இருப்பினம், அலாம் அடிக்கும், ஜன்னலத் திறந்துபோட்டுத் தொடங்கும்.

ஃபெட்டா எண்டா டப்பாவில கிரீஸ் எண்டு போட்டிருக்கிறத எடும். ஐரோப்பாவில 2002இல இருந்து அந்தப் பேருக்குப் பாதுகாப்பு இருக்கு, செம்மறிப் பால் 70 வீதத்துக்குக் குறையக் கூடாது, மிச்சம் வெள்ளாட்டுப் பால். இஞ்ச செய்யிறது கனக்க மாட்டுப் பால், மலிவு, ஆனா அந்தப் புளிப்பு வராது. அதுவே உப்பா இருக்கும், அதால இறைச்சிக்கு உப்பக் குறைச்சுப் போடும்.

பர்கருக்குப் பூசிற தயிர்ச் சோஸ், சட்சீக்கி எண்டுறது, அதக் கடையில வாங்காதையும். நான் முந்திக் கோப்பை கழுவின கிரீக் ரெஸ்டோரன்ட் குசினியில முதலாளியின்ர அம்மா சனிக்கிழமையில வந்து அத தன்ர கையாலதான் செய்வா, ஒருத்தரையும் நம்பமாட்டா. கெக்கரிக்காயத் துருவி உப்புப் போட்டு வச்சு துணியில கட்டி முறுக்கிப் பிழிவா பாருங்கோ, அந்த வயசிலயும் என்ன பலம். கெட்டித் தயிர், உள்ளி, ஒலிவ் ஒயில், கொஞ்சம் வினாகிரி, அவ்வளவுதான். அந்தத் தண்ணியப் பிழியாட்டி பணிஸ் நனைஞ்சு கையெல்லாம் வடியும்.

அந்த மனிசி அறுபதுகளில பெலொப்பொனீஸ் பக்கம் ஒரு ஊரில இருந்து வந்தவ. பின்னால 1967இல அங்க ராணுவ ஆட்சி வந்து 1974 மட்டும் நிண்டது, அந்த நேரம் அந்த்ரேயாஸ் பப்பாந்திரேயு, பிறகு கிரீஸுக்குப் பிரதமரா வந்தவர், அவர் இஞ்ச ரொறன்ரோவில யோர்க் யூனிவசிட்டியில படிப்பிச்சவர். அவரப் பற்றி அந்தக் குசினியில மகனும் தாயும் கிரேக்கத்தில சண்டை பிடிப்பினம், நாங்கள் இந்தப் பக்கம் நிண்டு இயக்கங்களப் பற்றி தமிழில சண்டை பிடிப்பம். சூவ்லாக்கி எண்டு கம்பியில குத்திச் சுடுற இறைச்சி, அது சுட்டது முழுக்க எங்கட பெடியள்தான், கொக்குவில், வல்வெட்டித்துறை, திருகோணமலை எண்டு. முன்பக்கம் இருந்து சாப்பிட்ட வெள்ளையளுக்கு அது தெரியாது. அவ என்ர சோத்துப் பார்சலத் திறந்து மணந்து பாத்து ஒருநாள் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவ, கண்ணால தண்ணி ஓட ஓட சாப்பிட்டு முடிச்சவ. ஆனா பிஃப்டேக்கிக்குள்ள ஒரு மிளகாயும் போட விடேல்ல.

எங்கட ஆக்கள் சிலர் இருக்கினம், இஞ்ச வந்து முப்பது வருஷம், ஸ்காபரோவையும் மார்க்கத்தையும் விட்டு வெளியில ஒரு வாய் சாப்பிட்டதில்லை, கேட்டா எங்கட சாப்பாட்ட விட என்ன இருக்கு எண்டுவினம். சாப்பிட்டுப் பாத்திட்டுச் சொன்னா பரவாயில்லை. மற்றப் பக்கம், 1962இல இஞ்ச ஒன்டாரியோவில சாத்தம் (Chatham) எண்ட ஊரில பீட்சாவுக்கு மேல அன்னாசி வச்சு ஹவாயியன் எண்டு வித்தவர் சாம் பனோபுலொஸ், அவரும் கிரீஸில இருந்து வந்த ஆள்தான். இத்தாலியன்கள் இப்பவும் திட்டுறாங்கள். அதால மாத்தக் கூடாது எண்டு நான் சொல்லேல்ல, முதல்ல ஒருக்கா அவையள் செய்யிற மாதிரிச் செய்து பாரும், பிறகு உம்மட விருப்பம்.

வேலை. எடுக்கலாம், ஆனா ட்ரெயினிங் எண்டு சொல்லி சம்பளம் தராம நிப்பாட்டினா அடுத்த நாளே வெளிக்கிடும். எனக்கு அப்பிடி ஒரு இடத்தில நடந்தது, சேர்த்துவிட்டதும் ஒரு தமிழ் ஆள்தான், எங்கட ஆள் எண்டு நம்பிப் போனது. ஒன்டாரியோச் சட்டப்படி அவங்கள் சொல்லிப் பழகிற நேரமும் வேலை நேரம்தான், காசு தரவேணும். செய்த மணித்தியாலத்த நீரே எழுதி வையும். வெளிநாட்டில இருந்து வந்த ஸ்டூடன்ட் எண்டபடியா படிப்பு நடக்கிற நேரம் கிழமைக்கு 24 மணித்தியாலத்துக்கு மேல போகாதையும், கையில காசு தாறன் எண்டு இழுப்பாங்கள், பிறகு பேப்பர் பிரச்சினை வந்தா அவன் உம்மத் தெரியாது எண்டுவான்.

பணிஸ் எதெண்டாலும் சரி, வெட்டின பக்கத்த தாச்சியில வாட்டி எடும். மிஞ்சினதச் சுடாம ஒவ்வொண்டுக்கும் இடையில பேப்பர் வச்சு ஃப்ரீசரில போட்டா ரண்டு மாசம் கிடக்கும், ஃப்ரிட்ஜில எண்டா அடுத்த நாளுக்குள்ள முடியும்.