ராக்கெட் கம்பெனி மாற இரண்டு வருடத் தடை செல்லுமா?

கேள்வி: தனியார் ராக்கெட் நிறுவனம் ஒன்றில் என்ஜின் பிரிவில் வேலை பார்க்கிறேன். போட்டி நிறுவனம் ஒன்று வேலை தருகிறது. விலகிய பின் இரண்டு வருடம் போட்டியாளரிடம் சேரக் கூடாது என்று என் ஒப்பந்தத்தில் இருக்கிறது. பயிற்சிக்காக 3 லட்சம் ரூபாய்க்கு பாண்டும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். போனால் வழக்குப் போடுவோம் என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: பயப்படாமல் போங்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 27ஆவது பிரிவின்படி, ஒருவரைச் சட்டப்படியான தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் நீளும் தடைக்கு இது பொருந்தும் என்று கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேலையில் இருக்கும் வரையிலான தடை மட்டும் செல்லும். அதனால் நோட்டீஸ் பீரியட் முடியும் முன் புது நிறுவனத்துக்கு எந்த வேலையும் செய்து தராதீர்கள்.

பாண்ட் வேறு விஷயம். குறைந்தபட்சக் காலம் வேலை பார்க்க வேண்டும், இல்லையென்றால் பணம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை, ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில் 2025-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அதே ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவின்படி நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும்; 3 லட்சம் என்பது உச்சவரம்பு. பயிற்சிக்கு உண்மையில் எவ்வளவு செலவானது என்று எழுத்தில் கேளுங்கள். பாண்ட் காலத்தில் பாதியை முடித்திருந்தால், தொகையைக் குறைக்கச் சொல்லி வாதாடலாம்.

எனக்குக் கவலை உங்கள் லேப்டாப்பைப் பற்றித்தான். எரிப்பு ஏன் நிலையில்லாமல் போகிறது, அதை எப்படிச் சரிசெய்வது என்று நீங்கள் கற்ற அறிவு உங்களுடையது. அதை யாரும் பறிக்க முடியாது. ஆனால் அந்த என்ஜினில் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் துளை அளவு, என்ஜினை எரியவிட்டுச் செய்யும் ஹாட் டெஸ்டின் அழுத்தப் பதிவுகள், உதிரிபாகம் தருபவரின் விலை, இதெல்லாம் கம்பெனியுடையது. கடைசி வாரத்தில் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பிய ஒரே ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும், தடையாணை கேட்டு உங்கள் மீதும் புது நிறுவனத்தின் மீதும் சேர்த்தே வழக்கு வரும். ரகசியக் காப்பு நிபந்தனை வேலையை விட்ட பிறகும் செல்லும். சொந்தக் கணினியில் அவர்களுடைய ஃபைல் ஏதாவது இருந்தால், நீங்களாக அழித்துவிடாதீர்கள், ஆதாரத்தை அழித்தார் என்பார்கள். எழுத்தில் தெரிவித்து, அவர்கள் முன்னிலையிலேயே நீக்கி, மெயிலில் உறுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

புது நிறுவனம் வெளிநாட்டில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ராக்கெட் தொழில்நுட்பம் ஸ்கோமெட் பட்டியலில், அதாவது ஏற்றுமதி செய்ய அரசின் உரிமம் தேவைப்படுபவற்றின் பட்டியலில் வருகிறது. உரிமம் இல்லாமல் வரைபடத்தை மெயிலில் அனுப்பினாலும் ஏற்றுமதிதான். அப்போது அது குற்ற வழக்காகவே மாறலாம்.

அப்புறம், ராஜினாமாவை மெயிலில் தேதியோடு அனுப்பி, நகலைச் சொந்த மெயிலில் வைத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸ் காலத்தைக் குறைக்கப் பணம் கட்ட வேண்டியிருந்தால், அதைப் புது நிறுவனம் தருமா என்பதை ஆஃபர் லெட்டரிலேயே எழுதி வாங்குங்கள்.