பழைய மெஷின்களை வைத்துக்கொண்டே டிஜிட்டலுக்கு மாற முடியுமா, இல்லை எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டுமா?

வாங்க வேண்டியதில்லை. யாரோ உங்களிடம் பெரிய விலைப்பட்டியலை நீட்டியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

நான் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன். எங்களிடம் இருந்த பழைய ஹைட்ராலிக் பிரஸ்ஸின் பி.எல்.சி.யில் (மெஷினை இயக்கும் சின்ன கம்ப்யூட்டர்) வெளியே பேச ஒரே வழிதான்: ஆர்.எஸ்.485 போர்ட்டில் மோட்பஸ். மெஷின்கள் ஒன்றோடொன்று தகவல் பரிமாற 1979இல் வந்த முறை. இன்றும் புது மீட்டர்களிலும் மோட்டார் டிரைவ்களிலும் அது இருக்கிறது, பழசு என்று ஒதுக்க வேண்டாம். பேனலுக்குள் ஒரு கேட்வே (ஒரு முறையில் வரும் தகவலை இன்னொரு முறைக்கு மாற்றும் பெட்டி) வைத்து, மோட்பஸில் படித்ததை எம்.க்யூ.டி.டி. என்ற நெட்வொர்க் செய்தி முறை வழியாக சர்வருக்கு அனுப்பினோம். எண்ணெய் வெப்பநிலை தாறுமாறாக வந்தது. இரண்டு இரவு தூக்கமில்லை. 32 பிட் எண்ணை இரண்டு ரிஜிஸ்டர்களில், அதாவது பி.எல்.சி.யின் இரண்டு நினைவகக் கட்டங்களில், பிரித்து வைத்திருந்தார்கள். நாங்கள் முன்பின்னாகச் சேர்த்திருக்கிறோம். மேனுவலில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அதைவிடப் பெரிய தப்பு அதற்குப் பிறகுதான். மோட்டார் வயரில் மாட்டிய கரன்ட் சென்சாரை வைத்து, கரன்ட் குறைந்தால் 'மெஷின் சும்மா நிற்கிறது' என்று டேஷ்போர்டில் சிவப்பு காட்டினோம். டை (தகட்டுக்கு வடிவம் தரும் அச்சு) மாற்றும் நேரமும் சிவப்பு, தகடு வராமல் காத்திருந்த நேரமும் சிவப்பு. மீட்டிங்கில் ஆபரேட்டரை நிற்கவைத்துக் கேட்டார்கள். எனக்கு இன்றும் அது உறுத்துகிறது, சென்சாரை மாட்டியது நான்தானே. பிறகு அவரோடு உட்கார்ந்தேன். நிற்பதற்கான காரணங்களை அவர் சொல்லச் சொல்ல எழுதி, பிரஸ் பக்கத்திலேயே மூன்று பட்டன் வைத்தோம்: டை மாற்றம், தகடு இல்லை, பழுது. அதன் பிறகுதான் அந்தத் திரையை நம்ப முடிந்தது.

புது மெஷினே வேண்டாம் என்று நான் சொன்னதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். உதிரிப்பாகம் கிடைக்காத கன்ட்ரோலர் என்றால் மாற்றத்தான் வேண்டும். வைத்துக்கொள்கிறீர்கள் என்றால், கேட்வே படிக்க மட்டும் செய்யட்டும், பி.எல்.சி.க்குள் எழுத விடாதீர்கள். ஆபீஸ் நெட்வொர்க்கோடு நேரடியாக இணைக்காமல் நடுவில் ஃபயர்வால் வையுங்கள்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். திட்டம் முடிந்ததும் சாஃப்ட்வேர் ஆட்களுக்குப் பாராட்டு விழா நடந்தது. காரணங்களைச் சொன்ன அந்த ஆபரேட்டரை யாரும் கூப்பிடவில்லை. அன்றைக்கு அவருக்கு இரவு ஷிப்ட்.