புதிய தலைவரை விமர்சிக்கும் மொழி: கேள்வி பதில்

யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளில் நெடுங்காலம் துணை ஆசிரியராகப் பணிபுரிந்தவன் என்பதால், புதிதாகத் தெரிவான தலைவரைப் பத்திரிகையாளர் எவ்வாறு விமர்சிக்கலாம் என்ற கேள்விகளை என்னிடம் அனுப்பியிருந்தீர்கள்.

நல்லூர்: புகழ்வது போலப் பழிப்பது நேர்மையா, ஐயா?

தண்டியலங்காரம் இலேச அணி என்று குறிப்பிடும் பழைய முறை இது. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், "உன் படைக்கலங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்றுக் காவல் மனையில் இருக்கின்றன, அவனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன" என்ற பொருள்படப் பாடியது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. உன் படைக்கலங்கள் போரே காணாதவை என்பதுதான் அந்தப் புகழ்ச்சியின் உட்பொருள், ஆனால் அதில் வசைச்சொல் ஒன்றேனும் இல்லை. சொன்னவை யாவும் தொண்டைமானின் கண்முன்னே இருந்தவை. நீங்கள் புகழும் செய்தி மெய்யாக இருக்கும்வரை அந்த முறை நேர்மையானதே.

சாவகச்சேரி: முதல் நூறு நாட்கள் பொறுத்திருக்க வேண்டாமா?

வேண்டியதில்லை. 2015 சனவரியில் வென்ற மைத்திரிபால சிறிசேன நூறு நாள் வேலைத்திட்டத்தைத் தாமே அறிவித்திருந்தார். அது அவரை அளப்பதற்கான கோலேயன்றி, எழுதுவோரின் வாய்க்குப் பூட்டு அன்று. 1977 யூலைத் தேர்தலில் தர்மிஷ்ட சமுதாயம், அதாவது அறநெறிச் சமுதாயம், அமைப்பதாகச் சொல்லி வென்ற ஜே.ஆர். ஜயவர்த்தன பிரதமராகி ஒரு மாதம் நிறையும் முன்னரே, ஓகஸ்ட் நடுப்பகுதியில், இங்கே பொலிசாரின் வன்முறையோடு தொடங்கிய வன்செயல் தெற்கிலும் தமிழர்மேல் பரவியது. அந்த வேளையில் நூறு நாளை எண்ணிக்கொண்டிருக்க எந்தப் பத்திரிகையாளனுக்கு உரிமை உண்டு? "தர்மிஷ்ட" என்ற அவருடைய சொல்லையே எடுத்து, நடந்தவற்றின் பக்கத்தில் வைப்பதே போதுமான விமர்சனம்.

பருத்தித்துறை: அந்த உதாரணம் பொருந்தாது. பேரழிவை வைத்து அன்றாட நிர்வாகத்துக்கு விதி வகுக்கலாமா?

நியாயமான மறுப்பு, ஆகவே அன்றாட நிர்வாகத்துக்கே வருகிறேன். 2019 நவம்பர் 18இல் கோட்டாபய ராஜபக்ச பதவியேற்றார். டிசம்பர் 1 முதல் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. இரண்டு கிழமைக்குள் எடுத்த முடிவை, அரச வருமானம் என்னாகும் என்று அன்றே கேட்காமல் நூறாம் நாளில் கேட்பதால் யாருக்கு என்ன பயன்?

கோப்பாய்: புதியவருக்கு அவகாசம் கொடுப்பது பண்பல்லவா?

இதே கேள்விக்கு மேலே இருமுறை பதில் எழுதிவிட்டேன்.

மானிப்பாய், ஊடகக் கற்கை மாணவி: "42.31 வீத ஏமாளிகள் தந்த தலைவர்" என்று பத்தியைத் தொடங்கியுள்ளேன்.

அந்த வரியை வெட்டுங்கள். 2024 செப்டெம்பரில் அநுர குமார திசாநாயக்க முதல் எண்ணிக்கையில் 42.31 வீதம் பெற்றதும், எவரும் பாதிக்கு மேல் பெறாததால் இலங்கையில் முதன்முறையாக இரண்டாம், மூன்றாம் விருப்பு வாக்குகளை எண்ண நேர்ந்ததும் உண்மை. பாதிக்கும் மேலானோர் அவரை முதல் விருப்பாகத் தெரிவு செய்யவில்லை என்று தாராளமாக எழுதலாம். வாக்களித்தவரை ஏமாளி என்பது வசை. அதே ஆண்டு நவம்பரில் அவருடைய கட்சி யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றை வென்றது. உங்கள் பத்தியை வாசிப்போரிலும் அவர்களுக்கு வாக்களித்தவர்கள் இருப்பார்கள்.

உடுவில்: அவதூறு வழக்கு வருமா?

குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002இல் நீக்கப்பட்டது. குடியியல் வழக்குப் பற்றிச் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

காரைநகர்: தோற்றத்தைக் கேலி செய்யலாமா?

கூடாது. வாக்காளரையும் பழிக்கக் கூடாது என்று மீண்டும் சொல்கிறேன்.

சுன்னாகம்: "காலம் பதில் சொல்லும்" என்று முடிக்கலாமா?

வேண்டாம். வரவு செலவுத் திட்டம் பாராளுமன்றத்துக்கு வரும் திகதியைக் குறிப்பிட்டு, தலைவர் வாக்குறுதி அளித்த எந்தப் பணிக்கு எவ்வளவு ஒதுக்கப்படுகிறது என்று அன்று பார்ப்பேன் என எழுதுங்கள். அந்தத் திகதியில் அடுத்த பத்தியையும் எழுதுங்கள்.