ஏமாற்றியது யார்?

கேள்வி: ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் போர்ஷியா ஆண் வேடமிட்டுக் கணவனிடமே மோதிரத்தைப் பறிக்கிறாள். அப்புறம் ஒன்றும் தெரியாதவள் போல 'எங்கே மோதிரம்?' என்கிறாள். தன் நண்பனான அந்தக் கணவனுக்காக உயிரையே தரத் துணிந்த அந்தோனியோவின் முன் அவள் சிறுத்துப் போகவில்லையா?

பதில்: இல்லை. நாலாம் அங்கத்தை இன்னொரு முறை படியுங்கள். 'இளம் வக்கீல்' வேடத்தில் போர்ஷியா மோதிரத்தைக் கேட்டதும் அவள் கணவன் பஸ்ஸானியோ மறுத்துவிடுகிறான். மனைவி போட்டது, கழற்றுவதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறேன் என்கிறான். அவளும் போய்விடுகிறாள். அதற்கு அப்புறம்தான் அந்தோனியோ வாய் திறக்கிறான்: அந்த வக்கீலின் தகுதியையும் என் அன்பையும் உன் மனைவியின் கட்டளைக்கு எதிரே வைத்துப் பார். உடனே மோதிரம் கழன்றுவிடுகிறது.

அதற்கும் முன்னால், நீதிமன்றத்திலேயே, உன்னைக் காப்பாற்ற என் மனைவியைக்கூடப் பலி கொடுப்பேன் என்று பஸ்ஸானியோ நண்பனிடம் சொல்கிறான். பக்கத்தில் வக்கீல் அங்கியில் நிற்பது அந்த மனைவிதான். சேலை கட்டிய பெண்ணாக, சரி, அந்த ஊர் வழக்கப்படி கவுன் அணிந்த மனைவியாக, அவள் அங்கே போயிருந்தால் இந்த வார்த்தை அவள் காதில் விழுந்திருக்குமா? பஸ்ஸானியோவுக்காக அந்தோனியோ தன் உடல் சதையை ஈடாக எழுதிக் கொடுத்து, வட்டிக்காரன் ஷைலக்கிடம் வாங்கிய 3000 டூகாட் (அந்த நாள் பொற்காசு) கடனுக்கு 6000 கொடு, போதாவிட்டால் அதையும் இரட்டிப்பாக்கு என்று, கல்யாணம் முடிந்த கையோடு கணவனை அனுப்பி வைத்தவள் அவள். அந்த வேடத்தில் வந்து அவள் வழக்கை வெல்லாவிட்டால் உங்கள் அந்தோனியோ பிழைத்தே இருக்க மாட்டான். (ஷைலக்குக்கு அங்கே நடந்தது அநியாயம், அதைத் தனியாகத்தான் பேச வேண்டும்.)

இங்கிலாந்தில் பொது மேடையில் நடிகைகள் வந்தது 1660-இல்தான். அதுவரை பையன்கள்தான் ஸ்திரீபார்ட். பெண்ணாக வந்த பையன் மறுபடி ஆணாக வேடம் கட்டுவதை அன்றைய ரசிகர்கள் கண்ணெதிரே பார்த்தார்கள். போர்ஷியா யார் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரியாமல் நின்றவர்கள் மேடையில் இருந்த ஆண்கள்.

ஐந்தாம் அங்கத்தில் மாட்டிக்கொள்ளும்போது பஸ்ஸானியோ என்ன நினைக்கிறான்? இடது கையை வெட்டிக்கொண்டு, மோதிரத்தைக் காக்கப் போராடி இழந்தேன் என்று சத்தியம் செய்துவிடலாமா என்று. பொய்க்கு அவனும் தயாராகத்தான் இருந்தான்.

அந்தோனியோவின் அன்பு பெரியதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அன்பைச் சொல்லித்தான் அவன் இன்னொருத்தியின் மோதிரத்தைக் கழற்ற வைத்தான். போர்ஷியா அதை மறக்கவில்லை. கடைசியில் மோதிரத்தை அவள் கணவன் கையில் கொடுப்பதில்லை. அந்தோனியோவையே ஜாமீனாக்கி, அவன் கையில் கொடுத்து, முன்னதைவிடப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்கிறாள்.